ரோசாச் செடியில் மைட்டாவும் அதைத் தின்பவையும்: எதை எண்ணுவது, எப்போது மருந்தடிப்பது?

கேள்வி: வெலிமடைக்கு அண்மையில், ஒவ்வொன்றும் பத்துப் பேர்ச் அளவுள்ள இரண்டு பசுமை இல்லங்களில் ரோசா வளர்த்து, கொழும்பில் ஒரு மொத்த வியாபாரிக்குப் பூ அனுப்பி வருகிறேன். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மைட்டா, அதாவது இலைச்சாறு உறிஞ்சும் சிலந்திச் சிற்றுண்ணி, பிடித்து, கிழமைக்கு ஒரு தடவை மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் கட்டுப்படவில்லை. அபமெக்டின், ஒரு பைரெத்ரோயிட் மருந்து, இமிடாகுளோபிரிட் ஆகிய மூன்றையும் முறை வைத்து அடிக்கிறேன்; இலைப்புள்ளி நோய்க்கு மங்கோசெப்பும் அடிப்பதுண்டு. தெளிகருவி எட்டாததால் மருந்து படாமல் விடுபட்ட ஒரு மூலையில், கடுகை விடச் சிறிய கறுப்பு வண்டுகளையும் இலையின் அடியில் வேகமாக ஓடும் வெளிறிய சிறு உயிர்களையும் சென்ற மாதம் கண்டேன். இவை நமக்கு நன்மை செய்பவை என்று மாமாவின் மகன் சொல்கிறான். பூச்சி என்றால் பூச்சிதான், எல்லாவற்றுக்கும் சேர்த்து அடி என்கிறார் மாமா. இவற்றை எப்படி அடையாளம் காண்பது? எப்படி எண்ணுவது? எந்தக் கட்டத்தில் மருந்தடிப்பது? வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலம் இரைகௌவிச் சிற்றுண்ணிகள் அடைத்த போத்தலைத் தருவிக்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

உங்கள் மாமாவின் மகன் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நீங்கள் வருணித்த கறுப்பு வண்டு, சிலந்திச் சிற்றுண்ணிகளையே முக்கிய உணவாகக் கொண்ட ஸ்டெத்தோரஸ் என்னும் பொறிவண்டு இனமாகவும், வேகமாக ஓடிய வெளிறிய உயிர், சிற்றுண்ணிகளைப் பிடித்து உறிஞ்சும் இரைகௌவிச் சிற்றுண்ணியாகவும் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது வண்டு பற்றிய செய்தியை விட, அவை காணப்பட்ட இடம் பற்றிய செய்திதான். மருந்து படாத மூலையில் மட்டும் அவை இருந்தன என்கிறீர்கள். மற்ற இடங்களில் அவை வராமல் இருந்திருக்க முடியாது. வந்தவை கிழமைக்கு ஒரு தடவை கொல்லப்பட்டிருக்கின்றன. மைட்டா மட்டும் தப்பிப் பெருகியிருக்கிறது. ஏன் அப்படி நேர்ந்தது என்பதை விளங்கிக்கொண்டால், எண்ணும் முறை பற்றிய உங்கள் கேள்விக்கான விடையில் பாதி கிடைத்துவிடும்.

முதலில் நீங்கள் அடித்த மருந்துகளைப் பார்ப்போம். மூன்று மருந்தை மாற்றி அடிப்பதாக நீங்கள் நம்பினாலும், அவற்றுள் மைட்டாவுக்கு உண்மையில் வேலை செய்யக்கூடியது அபமெக்டின் ஒன்றுதான். இமிடாகுளோபிரிட் சாறு உறிஞ்சும் அழுக்கணவன், வெண் ஈ போன்ற பூச்சிகளுக்கானது. சிற்றுண்ணி பூச்சி வகுப்பைச் சேர்ந்ததே அல்ல, அது சிலந்திகளின் உறவு, ஆகவே இந்த மருந்து அதைக் கொல்லாது. கொல்லாதது மட்டுமன்றி, இமிடாகுளோபிரிட் இட்ட செடிகளில் சிலந்திச் சிற்றுண்ணி வழமையை விட அதிகமாகப் பெருகுவதைப் பல நாடுகளில் பல பயிர்களில் கண்டிருக்கிறார்கள். பைரெத்ரோயிட் வகை மருந்துகளில் பெரும்பாலானவையும் மைட்டாவுக்குப் போதிய பயன் தருவதில்லை. ஆனால் இரைகௌவிச் சிற்றுண்ணிக்கும் பொறிவண்டுக்கும் அவை கடும் நஞ்சு, அந்த நஞ்சு இலையில் இரண்டு மூன்று மாதங்கள் வரை தங்கி, புதிதாக வந்து சேரும் எதிரிகளையும் கொல்லும். மங்கோசெப் பங்கசுநாசினிதான் என்றாலும், திரும்பத் திரும்ப அடிக்கும்போது இரைகௌவிச் சிற்றுண்ணிகளின் முட்டையிடும் ஆற்றலைக் குறைக்கிறது. ஆகவே உங்கள் அட்டவணையில் மைட்டாவைத் தாக்குவது ஒரு மருந்து. மைட்டாவின் எதிரிகளைத் தாக்குவது நான்கும்.

அந்த ஒரு மருந்தான அபமெக்டினையும் அதிகம் நம்ப முடியாத நிலை வந்திருக்கலாம். உங்கள் இல்லத்தில் இருப்பது அநேகமாக இருபுள்ளிச் சிலந்திச் சிற்றுண்ணி; அறிவியற் பெயர் டெட்ரானிக்கஸ் உர்டிகே. மருந்துகளுக்குத் தாக்குப்பிடிக்கும் ஆற்றலை மிக விரைவாகப் பெறுவதில் உலகிலேயே பேர்போன உயிர்களுள் இது ஒன்று. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும் இயல்பு இதற்கு உண்டு என்பதால், தாயிடமுள்ள தாக்குப்பிடிக்கும் மரபணு மகனில் மறைந்து கிடக்க வழியில்லாமல் உடனே வெளிப்பட்டு, அடுத்த மருந்தடிப்பில் தேறி, அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் முட்டை முதல் நிறையுடலி (முழு வளர்ச்சியடைந்த சிற்றுண்ணி) வரை வளர இரண்டு கிழமைக்குச் சற்று அதிகமாகவும், 30 பாகையில் ஏறக்குறைய ஒரே கிழமையும் எடுக்கிறது. ஒரு பெண் தன் வாழ்நாளில் நூறு முட்டைக்கு மேலும் இடக்கூடும். ஊவாவில் ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்று வறண்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த மாதங்களில் பொலித்தீனுக்குக் கீழே நண்பகல் வெப்பம் ஏறி, சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பதன்) இறங்கி, பாதைப் புழுதியும் இலையில் படியும்போது, மைட்டாவுக்கு அதை விட வசதியான காலம் இல்லை. நுவரெலியாப் பக்கத்துப் பூ வளர்ப்பாளர்களுக்கு இதே தொல்லை ஜனவரி முதல் மார்ச் வரையான வறட்சியில் வரும். உங்களுக்கு ஆண்டின் நடுவில் வருகிறது. ஆகவே அவர்களின் மருந்து அட்டவணையைப் பார்த்து நீங்கள் அடிப்பதில் பொருளில்லை.

எதிரிகளைக் கொன்றதால் பீடை பெருகிய கதை மலையகத்துக்குப் புதிதன்று. தேயிலை இலைகளைப் பிணைத்துச் சுருட்டும் புழு, அதாவது ஹோமோனா கோஃபியாரியா என்னும் அந்துப்பூச்சியின் புழு, ஒரு காலத்தில் தோட்டங்களைப் பெரிதும் அழித்து வந்தது. 1935–36 காலப்பகுதியில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்னும் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டு விடப்பட்டபின் அந்தப் புழு அடங்கியது. உயிரியல் முறைக் கட்டுப்பாட்டுக்கு ஆசியாவில் கிடைத்த சிறந்த சான்றுகளுள் ஒன்றாக அது இன்றும் சொல்லப்படுகிறது. பின்னர், தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறுவண்டை ஒழிப்பதற்காக டீல்ட்ரின் என்னும் மருந்தைத் தோட்டங்களில் பரவலாக அடித்தபோது, அடங்கிக் கிடந்த இலைச்சுருட்டிப் புழு மீண்டும் கிளம்பியது. மருந்து புழுவை வளர்க்கவில்லை. புழுவை அடக்கி வைத்திருந்த குளவியை அழித்தது. கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்த அந்தக் குளவியை அன்று யாராவது எண்ணிக்கொண்டிருந்தால், அதன் எண்ணிக்கை விழுவதைப் புழு கிளம்பும் முன்பே கண்டிருப்பார்கள். ரோசாச் செடியில் நான் உங்களைச் செய்யச் சொல்வது அதையே: பீடையை எண்ணும் அதே இலையில், அதே நேரத்தில், அதன் எதிரியையும் எண்ணி, இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள். பீடையின் எண்ணிக்கையை மட்டும் வைத்து மருந்தடிக்கத் தீர்மானிப்பது பாதிக் கணக்கைப் பார்த்து முடிவெடுப்பதாகும்.

இனி அடையாளம். இதற்குப் பத்து அல்லது பதினைந்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை ஒன்று கட்டாயம் வேண்டும். கைபேசிக் கமெராவால் மட்டும் சமாளிக்க முடியாது. வில்லையைக் கண்ணுக்கு மிக நெருக்கமாகப் பிடித்து, இலையை வில்லையை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பலரும் இலையை மேசையில் வைத்து வில்லையைத் தூரத்தில் பிடித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் பாருங்கள். இலையை அடிப்புறம் மேலாகத் திருப்பினால், மைட்டா இருக்கும் இலையில் முதலில் கண்ணில் படுவன அதன் உரித்துவிட்ட வெண்தோல்களும் மெல்லிய நூல்வலையுமாகும். நிறையுடலி அரை மில்லிமீற்றர் அளவில், மஞ்சளும் பச்சையும் கலந்த உடலில் பக்கத்துக்கு ஒரு கரும்புள்ளியோடு, அசையாமலோ மெதுவாக நகர்ந்தோ இருக்கும். அதன் முட்டை சரியான உருண்டை. புதிதில் கண்ணாடி போலத் தெளிந்தும், பொரிக்கும் காலத்தில் மங்கிய மஞ்சளாகவும் தெரியும்.

இரைகௌவிச் சிற்றுண்ணிக்கு அந்தப் புள்ளிகள் கிடையாது. உடல் பளபளப்பாக, நீர்த்துளி வடிவில், முன்புறம் ஒடுங்கியிருக்கும்; கால்கள் நீண்டவை. இலையின் நடுநரம்பை ஒட்டி ஒதுங்கி இருப்பது அதன் வழக்கம், இலையின் மீது மெதுவாக மூச்சு விட்டால் சட்டென்று ஓடும். அதன் முட்டை நீள்வட்டமானது, மைட்டாவின் முட்டையை விடப் பெரியது. உருண்டை முட்டைகளுக்கு நடுவே ஒரு நீள்வட்ட முட்டையைக் கண்டால், எதிரி அங்கே குடியேறி இனம் பெருக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், ஓடும் நிறையுடலியைக் காண்பதை விட அது நல்ல செய்தி. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். இரையின் நிறத்துக்கேற்ப இரைகௌவி வெளிறியோ சிவந்தோ தெரியலாம். மைட்டாவிலும் முழுச் சிவப்பான வடிவம் ஒன்று உண்டு, அதை நன்மை செய்யும் உயிர் என்று நினைத்து விட்டுவைப்பவர்களும் இருக்கிறார்கள். நடையையும் முட்டையின் வடிவத்தையும் பார்த்தே தீர்மானியுங்கள். இன்னொரு தடயமும் உண்டு: இரைகௌவி உறிஞ்சிய மைட்டாவின் உடல், காற்றிறங்கிய பை போலச் சுருங்கி இலையில் ஒட்டிக் கிடக்கும்.

கறுப்பு வண்டைப் பொறுத்தவரை, ஸ்டெத்தோரஸ் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேற்படாது. முதுகு குவிந்து, நுண்ணிய மயிர்களோடு மினுங்கும். அதன் குடம்பி (முட்டையிலிருந்து வரும் புழுப்பருவம்) கருஞ்சாம்பல் நிறத்தில் மயிர் நிறைந்து, மெதுவாக ஊர்ந்து திரியும். பார்வைக்கு அருவருப்பாக இருப்பதால் பலர் இந்தக் குடம்பியைப் புதிய பீடை என்று எண்ணி நசுக்கிவிடுகிறார்கள். வண்டைப் போலவே அதுவும் மைட்டாவைத் தின்பது என்பதால், பூ வெட்டுபவர்களுக்கு அதைக் காட்டிக்கொடுத்து வையுங்கள். ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்: மைட்டா அடர்ந்த இடத்தைத் தேடித்தான் இந்த வண்டு வரும். வண்டு நிறைந்த செடி நல்ல நிலையில் இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை, அந்தச் செடியில் மைட்டா ஏற்கெனவே மிஞ்சிவிட்டது என்பதே பொருள். மைட்டா குறைவாக இருக்கும்போதும் தங்கி நின்று அதைக் குறைவாகவே வைத்திருப்பது இரைகௌவிச் சிற்றுண்ணிதான். ஆகவே நாள்தோறும் காவல் காப்பது சிற்றுண்ணி, பெருக்கெடுத்த இடத்தில் வந்து துடைப்பது வண்டு என்று வைத்துக்கொண்டு, குறிப்பில் இரண்டையும் வெவ்வேறு பத்தியில் எழுதுங்கள்.

எண்ணும் முறையை நீங்கள் கைவிடாமல் தொடர வேண்டும் என்பதால், அதை எளிமையாகவே சொல்கிறேன். ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு படம் வரைந்து, பாத்திகளுக்கும் வரிசைகளுக்கும் இலக்கமிட்டுக்கொள்ளுங்கள். கிழமையில் ஒரே நாளில், இல்லமொன்றில் முப்பது செடிகளைப் பாருங்கள். கண்ணில் படும் மோசமான செடிகளைத் தேடிப் போகாமல், பாத்திகளின் ஊடாக வளைந்து நடந்து, குறித்த இடைவெளியில் வரும் செடியையே எடுக்க வேண்டும், ஏனெனில் மோசமானதை மட்டும் பொறுக்கினால் ஒவ்வொரு கிழமையும் நிலைமை மோசமாகவே தெரியும். செடி ஒன்றில், பக்கவாட்டில் வளைத்துவிட்ட கிளைகளின் நடுப்பகுதியிலிருந்து ஐந்து சிற்றிலை கொண்ட ஓர் இலையைத் தெரிந்து, அதன் நுனிச் சிற்றிலையின் அடியைப் பாருங்கள். ஒவ்வொரு மைட்டாவாக எண்ணத் தேவையில்லை. இந்தச் சிற்றிலையில் உயிருள்ள மைட்டா உண்டா, இரைகௌவிச் சிற்றுண்ணியோ அதன் முட்டையோ உண்டா, வண்டோ அதன் குடம்பியோ உண்டா என்ற மூன்று கேள்விக்கும் உண்டு, இல்லை என்று கோடு போட்டால் போதும். பழகிவிட்டால் இல்லமொன்றுக்கு முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

வளைத்துவிட்ட கிளைகளையும் பூ எடுக்கும் நிமிர்ந்த தண்டுகளையும் ஏன் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், இரண்டுக்கும் நாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு ஒன்றல்ல. வளைத்த கிளை செடிக்கு உணவு தயாரிப்பதற்காக விடப்பட்டது; அதை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. அங்கே சில இலைகளில் மைட்டா இருப்பதைப் பொறுக்கலாம், பொறுக்கவும் வேண்டும், ஏனென்றால் இரையே இல்லாத இடத்தில் இரைகௌவி தங்காது. செடியின் அந்தக் கீழ்ப்பகுதி நிழலும் ஈரலிப்பும் கொண்டது என்பதால் எதிரிகளின் நிலையான குடியிருப்பும் அதுதான். நிமிர்ந்த தண்டின் கதை வேறு. அதன் இலைகளில் வெளிறிய பொட்டுகள் விழுந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். ஆகவே முப்பது செடிகளிலும் நிமிர்ந்த தண்டு ஒன்றை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்து, கீறல் போன்ற வெண்பொட்டு இருக்கிறதா என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதற் கிழமையின் எண்ணிக்கையை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். போக்கைப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். முதற் கிழமை முப்பதில் ஒன்பது சிற்றிலையில் மைட்டாவும் இரண்டில் இரைகௌவியும் இருந்தன, அடுத்த கிழமை மைட்டா பன்னிரண்டு, இரைகௌவி ஏழு என்று வைத்துக்கொள்வோம். மைட்டா கூடியிருக்கிறது என்று பதறி மருந்தடிக்கத் தோன்றும். ஆனால் மைட்டா மூன்றில் ஒரு பங்கு கூடியபோது இரைகௌவி மூன்று மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. மூன்றாம் கிழமை இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும், அதன்பின் மைட்டா விழும். இங்கே மருந்து அடித்தால் வெற்றி பெறப்போகும் பக்கத்தை நீங்களே அழித்தவராவீர்கள். மாறாக, முதற் கிழமை ஒன்பதுக்கு ஒன்றுமில்லை, அடுத்த கிழமை பதினைந்துக்கு ஒன்று என்றால், எதிரி எட்டிப்பிடிக்காது, காத்திருப்பதில் பயனில்லை. இந்த இரண்டு நிலைமைகளையும் மைட்டாவின் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது; எதிரியின் பத்தியைச் சேர்த்துப் பார்க்கும்போதே ஒன்றைத் தொடவேண்டாம், மற்றதைக் கவனி என்று தெளிவாகிறது. ஓர் இலையில் எண்ணிப் பார்க்க விரும்பினால், பத்து மைட்டாவுக்கு ஓர் இரைகௌவி இருந்தால் பொதுவாக அது சமாளிக்கும் என்பது பசுமை இல்லங்களில் பயன்படும் பழைய கைக்கணக்கு. வறண்ட கச்சான் மாதங்களில் அதை விடச் சற்று நெருக்கமான விகிதத்தை எதிர்பாருங்கள்.

மருந்தடிக்க வேண்டிய நிலை வந்தாலும், இல்லம் முழுவதும் அடிக்காதீர்கள். மைட்டா திட்டுத் திட்டாகத்தான் தொடங்கும்: கதவின் அருகில், வெயில் விழும் ஓரத்தில், பாதைப் புழுதி வரும் பக்கத்தில். எண்ணும்போதே அத்தகைய செடிகளில் நிற நாடா கட்டிவிட்டால், அந்தத் திட்டையும் சுற்றியுள்ள இரண்டொரு செடிகளையும் மட்டும் கவனிக்கலாம். முதல் வேலையாக, வலை பின்னிய இலைகளைக் கொய்து, பைக்குள் இட்டுக் கட்டி வெளியேற்றுங்கள். அடுத்து, வெயில் ஏறும் காலை வேளையில் இலையின் அடிப்புறத்தை நீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். மாலையில் கழுவினால் இரவு முழுவதும் இலை ஈரமாக இருந்து அடிச்சாம்பல் நோய்க்கும் பூவழுகலுக்கும் இடம் கொடுக்கும். அதற்குப் பின்னரும் தேவைப்பட்டால், பயிருக்குரிய எண்ணெய் அல்லது சவர்க்காரக் கரைசல், இலையில் நஞ்சு தங்காது என்பதால், அடித்த வேளையில் நனைந்தவற்றை மட்டும் கொல்லும். கந்தகம் அடித்த செடியில் எண்ணெய் அடித்தால் இலை கருகும் என்பதை மறவாதீர்கள். அபமெக்டினைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பாதிப்பு எதிரிகளுக்கு ஓரிரு கிழமைகளில் குறைந்துவிடும் என்பதால் பைரெத்ரோயிட்டை விட அது எவ்வளவோ மேல். ஆனால் அடித்த மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் நாடா கட்டிய செடிகளில் உயிருள்ள மைட்டாவைப் பார்த்து எழுதுங்கள். ஏழாம் நாளும் நிறையுடலிகள் நடமாடினால் அந்த மருந்து உங்கள் இல்லத்தில் வேலை செய்யவில்லை, அளவைக் கூட்டி அடிப்பது தீர்வாகாது. அப்போது செயற்படும் முறை வேறான, மைட்டாவுக்கென்றே பதிவு செய்யப்பட்ட மருந்தை நாட வேண்டும். கடையில் வணிகப் பெயர் மாறியிருந்தாலும் சிட்டையில் அதே செயற்படு பொருள் இருந்தால் நீங்கள் மருந்தை மாற்றியதாகாது. தெளிகருவியின் வாயை மேல்நோக்கித் திருப்பி, இலையின் அடியில் படுமாறு அடிக்காதவரை எந்த மருந்தும் பயன் தராது. மூடிய கூடாரத்துக்குள் அடிக்கும்போது முகமூடியும் கையுறையும் அணிவதையும், சிட்டையில் சொன்ன நேரம் கழியும்வரை எவரையும் உள்ளே விடாதிருப்பதையும் நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

எதிரிகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவியும் உண்டு. இரைகௌவிச் சிற்றுண்ணியின் முட்டை, சாரீரப்பதன் 60 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் இறங்கினால் வற்றிப் பொரிக்காமல் போகும். கச்சான் காலத்தில் நண்பகலில் பாத்திகளுக்கு இடையிலுள்ள பாதைகளை நனைத்து விடுங்கள். செடியை நனைக்க வேண்டாம். இரைகௌவி நிறைந்து மைட்டா அருகிய இலைகளை வில்லையால் உறுதி செய்துகொண்டு, அவற்றைக் கொய்து, திட்டு விழுந்த செடிகளின் வளைத்த கிளைகளில் செருகி வைக்கலாம். நீங்கள் சொன்ன மூலைதான் அதற்கு உங்கள் நாற்றுமேடை, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே, இல்லத்தை ஒட்டிப் போஞ்சிப் பாத்தி இருந்தால் அது மைட்டாவின் விருப்பமான இருப்பிடம். அறுவடை முடிந்து காயவிட்ட போஞ்சிக் கொடியிலிருந்து மைட்டா கூட்டமாகக் கிளம்பி வரும் என்பதால், கொடிகளை உடனே அகற்றுங்கள். பக்கத்துக் காணிக்காரரிடமும் பேசிப் பாருங்கள். நோயுள்ள இல்லத்தில் வேலை செய்துவிட்டு நல்ல இல்லத்துக்குள் போகாமல், எப்போதும் நல்ல இல்லத்திலேயே வேலையைத் தொடங்குமாறு பழக்குங்கள், உடுப்பில் ஒட்டிக்கொண்டு மைட்டா இடம்மாறும்.

பனிப்பூச்சியை (திரிப்ஸ்) பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், ரோசாவில் பூவையே நேரடியாகக் கெடுப்பது அதுதான் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். விரியத் தொடங்கிய பூவை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால், ஊசிமுனை போல் நீண்ட மஞ்சள் அல்லது கபில நிறப் பூச்சிகள் விழுந்து ஓடும். உங்கள் அளவு இல்லத்துக்கு மூன்று நீல ஒட்டுப்பொறிகளைச் செடியின் உச்சிக்குச் சற்று மேலே தொங்கவிட்டு, கிழமைதோறும் எண்ணி மாற்றுங்கள். செடி வளர வளரப் பொறியையும் உயர்த்த வேண்டும். அழுக்கணவனுக்கும் வெண் ஈக்கும் மஞ்சள் பொறி. மஞ்சளில் ஒட்டுண்ணிக் குளவிகளும் ஒட்டும். அவற்றையும் எண்ணி எழுதுங்கள், ஆனால் அளவுக்கு மேல் மஞ்சள் பொறிகளை நிரப்பி நல்லவற்றைப் பிடித்துத் தீர்க்க வேண்டாம். அழுக்கணவன் கூட்டத்தில் பொன்கபில நிறத்தில் ஊதி, அசையாமல் ஒட்டியிருக்கும் உடல்கள், உள்ளே குளவிக் குடம்பி வளர்வதைக் காட்டும். மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும் வெண்ணிற முட்டை கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. இவை தென்படும் மொட்டுத் தண்டில் அழுக்கணவனுக்கு மருந்து அடிக்காமல் ஒரு கிழமை பொறுத்துப் பாருங்கள். எறும்பு ஏறி இறங்கும் செடியில் மட்டும் பொறுத்திருந்து பயனில்லை. எறும்பு எதிரிகளை விரட்டிவிடும், முதலில் எறும்பைத் தடுக்க வேண்டும்.

வெளிநாட்டுப் போத்தல் வேண்டாம். பைட்டோசையுலஸ் பெர்சிமிலிஸ் என்னும் இரைகௌவிச் சிற்றுண்ணி, 1958 இல் சிலியிலிருந்து ஜேர்மனிக்குப் போன ஓர்க்கிட் செடிகளில் தற்செயலாக அறியப்பட்டு, இன்று உலகெங்கும் பசுமை இல்லங்களில் விடப்படுவது உண்மைதான். ஆனால் உயிருள்ள அங்கிகளை நாட்டுக்குள் கொண்டுவருவது 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அனுமதியின்றிப் பொதியில் வைத்துக் கொண்டுவருவது குற்றம் மட்டுமன்றி, நம் மலைநாட்டுச் சூழலுக்கு ஆபத்தும் ஆகும். அது தேவையும் இல்லை. நம் நாட்டு இரைகௌவிகளே வேலைக்குப் போதுமானவை என்பதற்கு நல்ல சான்று உண்டு: 1997 இன் கடைசியில் கற்பிட்டிப் பகுதியில் தென்னைச் சிற்றுண்ணி கண்டறியப்பட்டுப் பரவியபோது, லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவகம் நியோசையுலஸ் பராக்கி என்னும் உள்நாட்டு இரைகௌவிச் சிற்றுண்ணியைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டது. உங்கள் மூலையில் ஓடுவதும் அத்தகைய உள்நாட்டு உயிராகவே இருக்கும். அது ஏற்கெனவே வெலிமடைக் குளிருக்கும் காற்றுக்கும் பழகியது.

மாமாவோடு வாக்குவாதம் செய்ய வேண்டாம். இரண்டு இல்லங்களில் ஒன்றில் அவர் சொல்லும் அட்டவணை நடக்கட்டும். மற்றதில் பைரெத்ரோயிட்டையும் இமிடாகுளோபிரிட்டையும் முற்றாக நிறுத்தி, மேற்சொன்ன எண்ணிக்கையின்படி நடவுங்கள். இரண்டிலும் ஒரே நாளில் எண்ணுங்கள். பழைய பைரெத்ரோயிட்டின் நஞ்சு இலையில் தீர இரண்டு மூன்று மாதம் எடுக்கும் என்பதால், ஒக்டோபர் மழையோடு மைட்டா தணியும் காலத்தில் தொடங்கினால், அடுத்த ஜூனுக்கு முன் எதிரிகள் வேரூன்ற அவகாசம் கிடைக்கும். எண்ணும் வேலையைப் பூ வெட்டும் பெண்களிடம் கொடுப்பது நல்லது. கொழுந்து பறித்துப் பழகிய கண்ணுக்கு இலையின் நிறத்தில் சிறிதளவு வேறுபாடும் தப்பாது. வில்லையும் கொப்பியும் கொடுத்து, அதற்குரிய நேரத்துக்குச் சம்பளமும் கொடுங்கள்.

இனத்தை உறுதிசெய்ய விரும்பினால், வண்டுகளையும் சிற்றுண்ணிகளையும் நுண்தூரிகையால் தொட்டெடுத்து, 70 சதவீத அற்ககோல் கொண்ட சிறு குப்பியில் இட்டு, எடுத்த நாளையும் செடியின் பெயரையும் பென்சிலால் எழுதிய தாளை உள்ளே வையுங்கள்; மையால் எழுதினால் கரைந்துவிடும். இலையாக அனுப்புவதானால் பொலித்தீன் பை வேண்டாம், வியர்த்து அழுகிவிடும், கடதாசி உறையில் இடுங்கள். அதை உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைத்தால் உரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதற்கு அவர் வழிசெய்வார். அவரைச் சந்திக்க இயலாத நாட்களில் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆறு கிழமைக் குறிப்புகள் சேர்ந்ததும், இரண்டு இல்லங்களின் கணக்கையும், எந்த நாளில் எதை அடித்தீர்கள் என்ற விவரத்தையும் எனக்கு எழுதுங்கள். எந்தத் திட்டில் மருந்தைக் கைவிடலாம், எதில் கைவிடக்கூடாது என்பதைப் பாத்தி பாத்தியாகப் பார்த்துச் சொல்கிறேன்.